சுவிட்ச் கம்பெனி ஷேர்ல மொத்தப் பணத்தையும் போடலாமா?



2025 ஜனவரி. பொங்கல் லீவு முடிஞ்ச அடுத்த வாரம். இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் கேட்டு ஹெச்.ஆர். மெயில் மேல மெயில் போடுற நேரம். அந்த வாரம் என் ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். வயசு 27. ஓ.எம்.ஆர்.ல நெட்வொர்க் இன்ஜினீயர். டேட்டா சென்டர்தான் அவர் வேலை.

ப்ரூஃப் வேலையெல்லாம் முடிச்சு எழுந்திருக்கும்போது மெதுவா கேட்டார்: "சார், கையில 6 லட்சம் இருக்கு. மொத்தத்தையும் ஒரே ஷேர்ல போடலாம்னு இருக்கேன்."

அந்த 6 லட்சம் எந்தப் பணம்னு கேட்டேன். 2 லட்சம் எமர்ஜென்சி ஃபண்ட். மீதி 4 லட்சம் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்தது. கல்யாணம் வைகாசியில. மண்டபத்துக்கும் நகைக்கும் ஏப்ரல்ல பணம் கட்டணும்.

எந்த ஷேர்? அமெரிக்காவுல லிஸ்ட் ஆன, டேட்டா சென்டர் ஈதர்நெட் சுவிட்ச் செய்யற ஒரு கம்பெனி.

"யாரோ டிப்ஸ் கொடுத்தாங்கன்னு சொல்லல சார். நான் தினமும் கையால மாட்டுற பெட்டி அது. இப்பதான் 400ஜி போட்டோம், அதுக்குள்ள 800ஜி கேக்கறாங்க. ஆர்டர் போட்டா வர்றதுக்கு மாசக்கணக்கா ஆகுது. இது எப்படி சார் விழும்?"

ஒண்ணை ஒத்துக்கணும். டெக்னாலஜி பத்தி அவர் சொன்னது முழுக்கச் சரி. இந்த விஷயத்துல என்னை விட அவருக்கு நூறு மடங்கு தெரியும். இருந்தாலும் நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஏன்னு இங்க சொல்றேன். ஏன்னா கடந்த சில மாசமா நம்ம சேனல் கமெண்ட்ல இதே கேள்விதான் வேற வேற பேர்ல வந்துட்டே இருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரு பொருள் உலகத்துக்குத் தேவையா என்பது ஒரு கேள்வி. அதைச் செய்யற கம்பெனியின் பங்கை இன்றைய விலைக்கு வாங்கினா, எனக்குப் பணம் தேவைப்படுற நாளில் லாபம் இருக்குமா என்பது வேற கேள்வி. முதல் கேள்விக்கு "ஆமாம்" கிடைச்ச சந்தோஷத்துல ரெண்டாவது கேள்வியை நாம கேட்கறதே இல்லை.

முதல்ல, அந்தப் பெட்டி என்ன செய்யுது?

உங்க வீட்டு வைஃபை ரவுட்டருக்குப் பின்னாடி நாலு லேன் போர்ட் இருக்கும். அதுவே ஒரு குட்டி சுவிட்ச்தான். ஒரு வயர்ல வர்ற டேட்டாவை எந்த வயர்ல அனுப்பணும்னு பார்த்து அனுப்பும். அவ்வளவுதான் வேலை. டேட்டா சென்டரிலும் அதே வேலைதான், அளவு மட்டும் வேற. ரேக்குல அடுக்கி வச்ச சர்வர்கள் எல்லாம் ஒரு சுவிட்ச்ல சேரும். அந்த மாதிரி நிறைய சுவிட்சுகளை மேல இருக்கும் இன்னொரு அடுக்கு சுவிட்சுகள் இணைக்கும். கீழ் அடுக்குக்கு லீஃப், மேல் அடுக்குக்கு ஸ்பைன்னு பேரு.

ஈதர்நெட் 1973-ல் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி மையத்தில் பிறந்தது. 1983-ல் அது பொதுத் தரமாக வந்தபோது வேகம் நொடிக்கு 10 மெகாபிட். இன்னைக்கு ஒரே ஒரு போர்ட் 800 ஜிகாபிட். அதாவது 80,000 மடங்கு.

முதல் ஈதர்நெட் சுவிட்ச் 1990-ல் வந்தது. செஞ்ச கம்பெனியின் பேர் "கல்பனா". இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ் தன் மனைவி பேரை வச்சு ஆரம்பிச்ச கம்பெனி அது. 1994-ல் அதை சிஸ்கோ வாங்கிடுச்சு. சிஸ்கோங்கற பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இப்ப ஏஐ வந்ததும் இந்தப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

கல்யாணப் பந்தியை நினைச்சுப் பாருங்க. 200 பேர் உட்கார்ந்து சாப்பிடறாங்க. 199 பேர் முடிச்சு இலையை மூடிட்டாங்க. ஒருத்தருக்கு மட்டும் பாயசம் வரலை. அவர் எழுந்திருக்கிற வரைக்கும் அடுத்த பந்தி உட்கார முடியாது. வெளியே மத்தவங்க நின்னுக்கிட்டே இருக்கணும்.

ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கறதும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான ஜிபியு ஒரே நேரத்துல கணக்குப் போடும். ஒரு சுற்று முடிஞ்சதும் எல்லா ஜிபியுவும் தங்கள் விடையை மத்தவங்களோட பகிர்ந்துக்கணும். அது முடிஞ்சாதான் அடுத்த சுற்று. நெட்வொர்க்குல ஒரு இடத்துல நெரிசல் ஏற்பட்டு சில பாக்கெட் தாமதமானாலும், லட்சக்கணக்கான ரூபாய் விலையுள்ள ஜிபியுக்கள் எல்லாம் சும்மா காத்திருக்கும். அதனால பாயசம் பரிமாறுறவருக்குத் திடீர்னு பெரிய மரியாதை வந்துடுச்சு.

தேவை உண்மைதான், அதுல சந்தேகம் இல்லை

சில விவரங்களைப் பாருங்க.

பிராட்காம் கம்பெனி செய்யற "டொமஹாக்" சிப்தான் நிறைய சுவிட்சுகளுக்கு இதயம். 2014-ல் வந்த முதல் சிப்பின் திறன் நொடிக்கு 3.2 டெராபிட். 2022-ல் வந்த ஐந்தாவது தலைமுறை 51.2 டெராபிட். அப்படின்னா 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆறு நிறையற அளவு டேட்டா, ஒரே நொடியில், ஒரே சிப் வழியா போகும். 2025-ல் அது 102.4 டெராபிட் ஆச்சு.

மெட்டா கம்பெனி 2024 மார்ச்சில் தன் ஏஐ கட்டமைப்பு பற்றி ஒரு தகவல் வெளியிட்டது. தலா 24,000-க்கு மேற்பட்ட ஜிபியு கொண்ட ரெண்டு கிளஸ்டர். ஒண்ணை என்விடியாவின் இன்ஃபினிபேண்ட் நெட்வொர்க்கில் கட்டினாங்க. இன்னொண்ணை ஈதர்நெட்டில், அரிஸ்டா கம்பெனி சுவிட்சை வச்சுக் கட்டினாங்க. இவ்வளவு பெரிய வேலைக்கு ஈதர்நெட்டும் தாங்கும்னு வெளிப்படையா தெரிஞ்சது.

அரிஸ்டாவின் வளர்ச்சியைப் பாருங்க. 2014-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஆண்டு வருமானம் சுமார் 58 கோடி டாலர். 2024-ல் சுமார் 700 கோடி டாலர். பத்து வருஷத்துல 12 மடங்கு. அதை நடத்துறவர் ஜெயஸ்ரீ உள்ளல். டெல்லியில வளர்ந்தவர், முன்னாடி சிஸ்கோவில் இருந்தவர், 2008 முதல் அரிஸ்டாவின் தலைமைச் செயல் அதிகாரி.

ஆக, இது வெறும் கதை விட்டு ஓடற பங்கு இல்லை. வருமானம் இருக்கு, லாபம் இருக்கு, வாங்க ஆள் இருக்கு. தம்பி ரேக்குல பார்த்ததும் இதைத்தான்.

அப்புறம் ஏன் வேண்டாம்னு சொன்னேன்?

காரணம் 1: சிஸ்கோ சொல்லிக் கொடுத்த பாடம்

இப்ப சிஸ்கோவுக்கு வருவோம்.

2000-ம் வருஷம் மார்ச். இன்டர்நெட் உலகத்தையே மாத்தப் போகுதுன்னு எல்லாரும் பேசின நேரம். இன்டர்நெட் ஓடணும்னா ரவுட்டரும் சுவிட்சும் வேணும். அதை விக்கறது சிஸ்கோ. அந்த மார்ச் மாசத்துல சிஸ்கோ உலகிலேயே அதிக சந்தை மதிப்புள்ள கம்பெனி ஆச்சு. மதிப்பு 50,000 கோடி டாலருக்கு மேல்.

அந்த நிதியாண்டில் சிஸ்கோவின் லாபம் சுமார் 270 கோடி டாலர். அதாவது ஒரு ரூபாய் லாபத்துக்கு 185 ரூபாய் கொடுத்து வாங்கினாங்க.

இன்டர்நெட் பத்தி அன்னைக்குச் சொன்னது பலிச்சதா? பலிச்சது. சொன்னதை விட அதிகமாவே பலிச்சது. 2025 நிதியாண்டில் சிஸ்கோவின் வருமானம் 2000-ல் இருந்ததைப் போல 3 மடங்கு. லாபம் கிட்டத்தட்ட 4 மடங்கு.

பங்கு விலை?

2000 மார்ச்சில் உச்ச முடிவு விலை 80 டாலர் 6 சென்ட். 2002 அக்டோபரில் 9 டாலருக்கும் கீழே போச்சு. பழைய உச்சத்தைத் திரும்பத் தாண்டினது 2025 டிசம்பரில். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல! அன்னைக்கு வேலைக்குச் சேர்ந்த 25 வயசுப் பையனுக்கு இப்ப 50 வயசு.

"சார், டாலர் ஏறியிருக்குமே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2000-ல் டாலர் 44 ரூபாய்க்குக் கீழே. 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டுச்சு. ஆக ரூபாய் கணக்கில் சுமார் 2 மடங்கு. 2011-ல் இருந்து சிஸ்கோ டிவிடெண்டும் கொடுக்குது, அதையும் சேர்த்துக்கோங்க. ஆனா அதே 25 வருஷத்துக்கு, வருஷம் 7 சதவீதம் தர்ற சாதாரண டெபாசிட்ல 1 லட்சம் போட்டிருந்தா, வரிக்கு முன்னாடி சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகியிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. அன்னைக்கு நம்மூர்ல இருந்து சாதாரண சம்பளக்காரர் அமெரிக்கப் பங்கு வாங்க வழியே கிடையாது. அதுக்கான எல்.ஆர்.எஸ். திட்டத்தை ரிசர்வ் வங்கி 2004-ல்தான் கொண்டு வந்தது. அப்ப விதி நம்மைக் காப்பாத்துச்சு. இப்ப மொபைல் ஆப்ல ரெண்டு நிமிஷத்துல வாங்கிடலாம். காப்பாத்திக்கற பொறுப்பு நம்ம கைக்கு வந்துடுச்சு.

இதனால இன்னைக்கு இருக்கும் சுவிட்ச் கம்பெனி எல்லாம் 2000-ம் வருஷ சிஸ்கோ மாதிரி ஆயிடும்னு நான் சொல்லலை. இவங்க விலை அந்த அளவுக்குப் போகலை. நான் சொல்றது ஒண்ணுதான்: எதிர்காலத்தைச் சரியா கணிச்சவங்களே விலையைக் கவனிக்காம 25 வருஷம் காத்திருந்தாங்க.

காரணம் 2: ஈதர்நெட் யாருக்கும் சொந்தம் இல்லை

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பாயின்ட், பொறுமையா படிங்க.

ஏஐ நெட்வொர்க்குக்கு முதல்ல முன்னணியில இருந்தது இன்ஃபினிபேண்ட். அதைச் செய்யற மெல்லனாக்ஸ் கம்பெனியை என்விடியா 2020-ல் சுமார் 700 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. ஜிபியுவும் அவங்களோடது, நெட்வொர்க்கும் அவங்களோடது. பெரிய வாடிக்கையாளர்களுக்கு இது பிடிக்குமா? எல்லாப் பணமும் ஒரே கடைக்குப் போறதை யார் விரும்புவாங்க?

அதனால 2023-ல் மெட்டா, மைக்ரோசாஃப்ட், பிராட்காம், சிஸ்கோ, அரிஸ்டா, ஏஎம்டி எல்லாரும் சேர்ந்து அல்ட்ரா ஈதர்நெட் கூட்டமைப்பை ஆரம்பிச்சாங்க. ஏஐ வேலைக்கு ஏத்த மாதிரி ஈதர்நெட்டை மேம்படுத்தறது நோக்கம். 2025 ஜூனில் அதன் முதல் தரவரையறை வெளிவந்தது.

ஈதர்நெட் ஏன் ஜெயிக்குது? அது யாருக்கும் தனிச்சொத்து கிடையாது. பல பேர் சிப் செய்யலாம், பல பேர் பெட்டி செய்யலாம், ஒருத்தர் விலை ஏத்தினா இன்னொருத்தர்கிட்ட போகலாம். வாங்குறவங்களுக்கு இது வரம்.

இப்ப அதையே விக்கறவங்க பக்கம் இருந்து பாருங்க. எந்தக் குணத்தால ஈதர்நெட் ஜெயிக்குதோ, அதே குணம்தான் அதை விக்கற கம்பெனியோட லாபத்துக்கு ஒரு கடிவாளம்.

ஒரு சுவிட்ச் பெட்டியைப் பிரிச்சுப் பாருங்க. உள்ளே இருக்கும் சிப்பை பெரும்பாலும் பிராட்காம் தருது. அதே சிப்பை வாங்கி, பிராண்ட் பேர் இல்லாத பெட்டியா செஞ்சு கொடுக்கறவங்களும் இருக்காங்க. சாஃப்ட்வேர்? மைக்ரோசாஃப்ட் தன்னோட சுவிட்ச் சாஃப்ட்வேரான "சோனிக்"கை 2016-லேயே ஓப்பன் சோர்ஸ் ஆக்கிடுச்சு. மெட்டா 2014-லேயே சொந்தமா சுவிட்ச் வடிவமைச்சது. கூகுள் அதுக்கும் முன்னாடி இருந்தே தன் டேட்டா சென்டர் நெட்வொர்க்கைத் தானே கட்டுது. இந்தப் பக்கம் என்விடியாவே 2023-ல் "ஸ்பெக்ட்ரம்-எக்ஸ்"ங்கற பேர்ல ஏஐ-க்கான ஈதர்நெட்டோட களத்துல இறங்கிடுச்சு. ஹெச்.பி.இ. கம்பெனி ஜூனிபரை சுமார் 1,400 கோடி டாலருக்கு வாங்கி, 2025 ஜூலையில் தன்னோட சேர்த்துக்கிச்சு.

இவ்வளவு போட்டியிலும் நல்ல லாபம் பார்க்கற கம்பெனி இருக்கு. அரிஸ்டா அதுக்கு உதாரணம். அவங்க சாஃப்ட்வேர் தரத்துக்கு வாடிக்கையாளர் காசு கொடுக்கறாங்க. ஆனா அதே அரிஸ்டாவின் 2024 வருமானத்தில் மூணுல ஒரு பங்குக்கு மேல் ரெண்டே வாடிக்கையாளர்கிட்ட இருந்து வந்தது: மைக்ரோசாஃப்ட், மெட்டா. ரெண்டு பேருமே சொந்தமா சுவிட்ச் செய்யத் தெரிஞ்சவங்க.

உங்க தெருவுல ஒரு மளிகைக்கடை. வியாபாரத்துல மூணுல ஒரு பங்கு ரெண்டே வீட்டுல இருந்து வருது. அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் சொந்தமா கடை வைக்கிற அளவுக்கு வசதி. கடைக்காரர் திறமைசாலியாவே இருக்கட்டும். உங்க தங்கச்சி கல்யாணப் பணத்தை அந்தக் கடையில மட்டும் முதலீடு செய்வீங்களா?

காரணம் 3: உங்க சம்பளமும் அதே ரேக்குலதான் இருக்கு

இதை எந்த யூடியூப் வீடியோவும் சொல்றதில்லை. ஐ.டி.யில வேலை செய்யற ஒவ்வொருத்தரும் யோசிக்கணும்.

27 வயசுல உங்களோட பெரிய சொத்து எது? 6 லட்சம் இல்லை. இன்னும் முப்பது வருஷம் வரப்போற சம்பளம்.

அந்தத் தம்பியோட சம்பளம் எதை நம்பி இருக்கு? பெரிய கம்பெனிகள் டேட்டா சென்டருக்குச் செலவு செய்யறதை நம்பி. அவர் வாங்க நினைச்ச பங்கு எதை நம்பி இருக்கு? அதே செலவை நம்பி. நாளைக்கு அந்தச் செலவு குறைஞ்சா, ஷேர் விழற அதே மாசத்துல அவர் ப்ராஜெக்டும் போகலாம். ரெண்டு கதவும் ஒரே நேரத்துல மூடும்.

2001-ல் இது நடந்திருக்கு. ஆர்டர் நின்னதும் சிஸ்கோ சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள தேங்கின சரக்கைக் கணக்குல இருந்து எழுதித் தள்ளுச்சு. ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு. அவங்களில் பல பேரோட சேமிப்பும் அதே கம்பெனி ஷேர்லதான் இருந்தது.

"மாசக்கணக்கா காத்திருந்தாதான் டெலிவரி"ன்னு தம்பி சொன்னாரே, அதுவும் ரெண்டு பக்கம் கூர் உள்ள கத்தி. சரக்கு தாமதமாகும்னு பயந்து எல்லாரும் கூடுதலா ஆர்டர் போடுவாங்க. சப்ளை சரியானதும் அந்தக் கூடுதல் ஆர்டர் காணாம போயிடும். 2001-ல் அதுவும்தான் நடந்தது.

உங்க கம்பெனி ஆர்.எஸ்.யு. கொடுத்தா இந்த ஆபத்து இன்னும் அதிகம். சம்பளம், போனஸ், ஷேர் எல்லாம் ஒரே இடத்துல இருந்து வரும். அப்படிப்பட்டவங்க புதுசா வாங்கற பங்காவது வேற துறையில இருக்கட்டும்.

அப்புறம் என்ன நடந்தது?

தம்பி என் பேச்சை முழுசா கேட்கலை, பாதி கேட்டார். 6 லட்சத்தைத் தொடலை. அந்த மாசச் சம்பளத்துல இருந்து 30,000 ரூபாய்க்கு மட்டும் அவருக்குப் பிடிச்ச பங்கை வாங்கினார்.

அடுத்த திங்கட்கிழமை, 2025 ஜனவரி 27. சீனாவின் டீப்சீக் மாடல் குறைஞ்ச செலவுல உருவாச்சுங்கற செய்தியில அமெரிக்கச் சந்தை ஆடிப்போச்சு. "இவ்வளவு ஜிபியு, இவ்வளவு நெட்வொர்க் நிஜமாவே தேவையா?"ங்கற ஒரே கேள்விதான். என்விடியா அன்னைக்கு 17 சதவீதம் விழுந்தது. அரிஸ்டா 20 சதவீதத்துக்கு மேல். ஒரே நாள்ல!

செவ்வாய்க்கிழமை காலையில எட்டு மணிக்கு போன். "சார், டிவி பார்த்தீங்களா?" குரல்ல பதட்டம் இருந்தது, ஆனா பயம் இல்லை. ஏன்னா போனது 30,000-த்துல ஒரு பகுதி.

கதை அதோட முடியலை. ஏப்ரல் முதல் வாரம் அமெரிக்கா இறக்குமதி வரி அறிவிச்சதும் சந்தை மறுபடி சரிஞ்சது. அரிஸ்டா பங்கு ஜனவரி உச்சத்துல பாதிக்கு வந்துடுச்சு. மண்டபத்துக்குப் பணம் கட்ட வேண்டிய அதே ஏப்ரல். மொத்தப் பணத்தையும் அப்படி ஒரு பங்குல போட்டிருந்தா, 6 லட்சம் கிட்டத்தட்ட 3 லட்சமா நின்னிருக்கும். அதை வித்துதான் நகைக் கடைக்குப் போயிருக்கணும்.

நியாயமா மீதியையும் சொல்லணும். ஆகஸ்ட்ல அந்தப் பங்கு நல்ல ரிசல்ட் கொடுத்து, ஜனவரி உச்சத்தையும் தாண்டிடுச்சு. தம்பி ஐ.டி.ஆர். தாக்கல் பண்ண வந்தப்ப சிரிச்சுட்டே குத்திக் காட்டினார்: "சார், 6 லட்சமும் போட்டிருந்தா இப்ப லாபத்துல இருந்திருப்பேன்."

"ஆமா தம்பி, கல்யாணத்தை ஆடியில வச்சிருந்தா."

ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா விஷயம் அதுக்குள்ளதான் இருக்கு. நல்ல பங்கு விழுந்தா மீளலாம். மீளும் வரைக்கும் காத்திருக்க உங்க பணத்துக்கு நேரம் இருக்காங்கறதுதான் கேள்வி. தேதி குறிச்ச பணத்துக்கு அந்த நேரம் கிடையாது.

சிஏ-வா நான் சொல்ல வேண்டிய வரி விஷயங்கள்

அமெரிக்கப் பங்கு வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, இப்போதைய விதிப்படி இதையெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

1. எல்.ஆர்.எஸ். வழியா ஒருத்தர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்பற தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினா, தாண்டின பகுதிக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பாங்க. இது கூடுதல் வரி இல்லை, உங்க வரியில கழிச்சுக்கலாம். ஆனா அதுவரைக்கும் பணம் முடங்கும். ஆபீஸ்ல தெரிவிச்சா சம்பள டி.டி.எஸ்.ல சரிக்கட்டிக்க வழி இருக்கு.

2. 24 மாசத்துக்கு மேல் வச்சிருந்து வித்தா லாபத்துக்கு 12.5 சதவீத வரி, செஸ் தனி. அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப் படி வரி. இந்தியப் பங்குக்குக் கிடைக்கற 1.25 லட்சம் விலக்கு இதுக்குக் கிடையாது. இதை நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க.

3. டிவிடெண்ட் வந்தா அமெரிக்காவிலேயே 25 சதவீதம் பிடிப்பாங்க. இங்க அந்த டிவிடெண்டை வருமானத்துல காட்டி, அங்க கட்டின வரிக்கு கிரெடிட் கேக்கணும்.

4. ஒரே ஒரு வெளிநாட்டுப் பங்கு வச்சிருந்தாலும் ஐ.டி.ஆர்-1 போட முடியாது. விக்கலைன்னாலும், லாபமே இல்லைன்னாலும் ஷெட்யூல் எஃப்.ஏ.வில் காட்டணும். அது நிதியாண்டு கணக்கு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு. காட்டாம விட்டா கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம் வரலாம். மனை, கட்டடம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா 2024 அக்டோபரிலிருந்து அந்த அபராதத்துல இருந்து விலக்கு உண்டு. அதுக்காகக் காட்டாம விடாதீங்க. ஆர்.எஸ்.யு. வச்சிருக்கறவங்களுக்கும் இதே விதிதான்.

5. அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினவர் இறந்துட்டா, அங்க வாரிசு வரி உண்டு. இப்ப உங்களுக்கு இது தூரமா தெரியலாம். போர்ட்ஃபோலியோ வளர்ந்ததும் ஞாபகம் வச்சுக்கோங்க.

30,000 ரூபாய்க்கு ஷேர் வாங்கிட்டு, ஐ.டி.ஆர்.ல காட்ட மறந்து, அப்புறம் நோட்டீஸ் வந்து என்கிட்ட ஓடி வந்தவங்க இருக்காங்க. லாபம் சில ஆயிரம், நிம்மதி போனது பல மாசம்.

அப்ப என்னதான் செய்யலாம்?

பணத்தை முதல்ல தேதி வாரியா பிரிங்க. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் வங்கியிலயோ லிக்விட் ஃபண்ட்லயோ இருக்கட்டும். மூணு வருஷத்துக்குள்ள தேவைப்படற பணம், அதாவது கல்யாணம், வீட்டு அட்வான்ஸ், படிப்பு ஃபீஸ், இது எதுவும் ஷேர் பக்கமே வரக்கூடாது. எவ்வளவு நல்ல கம்பெனியா இருந்தாலும் சரி.

அதுக்கப்புறம், ஏஐ வளர்ச்சியில பங்கு வேணும்னா இன்டெக்ஸ் ஃபண்ட் போதும். அரிஸ்டா, பிராட்காம், சிஸ்கோ, என்விடியா நாலுமே அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டுல ஏற்கனவே இருக்கு. யார் ஜெயிச்சாலும் உங்களுக்கு ஒரு பங்கு வரும். இந்தியாவுல இருக்கற அந்த வகை ஃபண்டுகள் சில, வெளிநாட்டு முதலீட்டு உச்சவரம்பு காரணமா அப்பப்ப புதுப்பணம் வாங்கறதை நிறுத்தும். திறந்திருக்கான்னு பார்த்துக்கோங்க.

இதுக்கும் மேல ஒரு தனிப் பங்கு மேல ஆசை இருந்தா வாங்குங்க, தப்பில்லை. ஆனா மொத்த முதலீட்டுல 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அது பாதியானாலும் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரணும். அதுதான் அளவுகோல்.

கடைசியா, அந்தத் தம்பிகிட்ட சொன்னதையே உங்ககிட்டயும் சொல்றேன். 400ஜிக்கும் 800ஜிக்கும் என்ன வித்தியாசம், நெரிசல் எங்க வருது, அதை எப்படிச் சரி பண்றது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு ஷேர் மார்க்கெட்ல தனி மதிப்பு கிடையாது. நீங்க ரேக்குல பார்க்கறதை அமெரிக்காவுல இருக்கற ஃபண்ட் மேனேஜர்கள் எல்லாரும் ஏற்கனவே தெரிஞ்சுக்கிட்டு விலையில சேர்த்துட்டாங்க. ஆனா வேலை மார்க்கெட்ல அதுக்கு நல்ல மதிப்பு இருக்கு. ஷேர் ஆப்பைத் திறக்கற நேரத்துல பாதியை அந்தத் திறமையை வளர்க்கறதுக்குச் செலவு பண்ணுங்க. அடுத்த இன்க்ரிமென்ட்ல வர்ற பணம் எந்தச் செய்திக்கும் ஒரே ராத்திரியில 20 சதவீதம் விழாது.

தங்கச்சி கல்யாணம் வைகாசியில நல்லபடியா நடந்தது. நானும் போயிருந்தேன். முதல் பந்தியிலயே இடம் கிடைச்சது, பாயசமும் நேரத்துக்கு வந்தது.

உங்க சம்பளமும் உங்க ஷேரும் ஒரே துறையில இருக்கா? எத்தனை சதவீதம்? கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல ஷெட்யூல் எஃப்.ஏ.வை எப்படி நிரப்பறதுன்னு ஸ்க்ரீன்ல காட்டறேன்.

பொறுப்புத் துறப்பு: இது என் சொந்தக் கருத்து, புரிதலுக்காக மட்டும் எழுதினது. நான் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் கிடையாது. இதுல சொன்ன எந்தக் கம்பெனியின் பங்கையும் வாங்கவோ விக்கவோ நான் பரிந்துரைக்கலை. வரி விதிகள் மாறலாம், தாக்கல் செய்யும்போது உங்க ஆடிட்டரைக் கேட்டுக்கோங்க.